கீழக்கரை வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் காரில் எலி ஏறாமல் இருக்க என்ன செய்யலாம்?

கீழக்கரைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். வளைகுடாவில் வேலை, ஊருக்கு வருவது ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். கார் வீட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் நிற்கிறது. போன இரண்டு விடுமுறையிலும் வந்து பார்த்தால் எலி வயரைக் கடித்து வைத்திருக்கிறது. எந்த ஸ்பிரே அடித்தால் எலி வராது, சத்தம் எழுப்பும் கருவி வாங்கி மாட்டலாமா, மெக்கானிக் மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்கிறாரே அது சரியா என்று மூன்று கேள்வி. மூன்றையும் சேர்த்துப் படித்தால் அவர் கேட்பது வேறு ஒன்று என்று தெரிகிறது. வயதான வாப்பாவும் உம்மாவும் மட்டும் வீட்டில் இருக்க, காரைத் தினமும் பார்க்க ஆளில்லாமல், ஆறேழு மாதம் அதை எப்படி விட்டுவிட்டுப் போவது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். தினமும் ஓட்டுகிற வண்டிக்குச் சொல்லும் யோசனைகள் இதற்கு முழுதாகப் பொருந்தாது.

நான் ராமநாதபுரத்தில் கார், வேன் வயரிங் வேலை பார்க்கிறவன். எலி கடித்த வண்டி ஆண்டு முழுக்க வரும், ஆனால் சில காலத்தில் குவியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மீன் லோடு அடிக்கிற வேன்கள் பலவும் அப்போது சும்மா நிற்கும். தடை முடிந்து சாவியைத் திருகினால் பாதி வண்டி முக்கும். அடுத்தது ஐப்பசி, கார்த்திகை மழை. வயலிலும் கண்மாய்க் கரையிலும் வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் எலி காய்ந்த இடம் தேடி வீட்டுப் பக்கம் ஏறும். தை, மாசியில் நெல் அறுவடை முடிந்து வயலில் தீனி குறைந்ததும் இன்னொரு சுற்று. நீங்கள் எந்த மாதம் காரை விட்டுப் போனாலும் ஆறு மாதத்துக்குள் இதில் ஒன்றாவது வந்துவிடும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை அடித்துவிட்டுப் போனால் ஆறு மாதம் எலியை விரட்டி வைக்கும் ஸ்பிரே, உருண்டை, எண்ணெய் எதுவும் கிடையாது. விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி. நிற்கும் வண்டியைக் காப்பாற்றுவது வண்டிக்குள் தெளிக்கும் பொருள் அல்ல, வண்டி நிற்கும் இடம்தான். உங்கள் காரைப் பொறுத்தவரை பாதிக் காரணம் அந்த ஓலைக் கொட்டகை என்று நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். நம் பக்கம் வண்டிக்குள் அதிகம் நுழைவது வீட்டெலி, அதாவது கூரையில் ஓடுகிற ஒல்லியான நீண்ட வால் எலி. பனை, தென்னை உச்சியிலும் ஓலைக்கூரை மடிப்பிலும் கூடு கட்டும், கயிற்றின் மேலும் நடக்கும். அடுத்தது சுண்டெலி. 6 மில்லிமீட்டர் இடுக்கு கிடைத்தால் அதற்குப் போதும். பெரிய எலிக்கே அரை அங்குலம் போதும் என்கிறபோது காரின் அடிப்பக்கத்தை நினைத்துப் பாருங்கள், அத்தனையும் வாசல்தான். பெருச்சாளி தரையைத் தோண்டும் ஜாதி, என்ஜினுக்குள் அபூர்வமாகத்தான் ஏறும். அணிலை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் பகலில் நார் கொண்டுவந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் திணிப்பதில் எலிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. புழுக்கையைப் பார்த்தால் ஓரளவு ஆள் தெரியும். அரிசி அளவோ அதைவிடச் சிறியதோ என்றால் சுண்டெலி. அரை அங்குல நீளத்தில் இரண்டு முனையும் கூராக இருந்தால் வீட்டெலி. புழுக்கையே இல்லாமல் தேங்காய் நார், பஞ்சு மட்டும் கிடந்தால் அணிலை நினையுங்கள்.

எலி காருக்கு வருவது வயரைத் தின்பதற்காக அல்ல. இருட்டு, ஒதுக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத மூலை, இவைதான் அதற்கு வேண்டும். உள்ளே வந்தபின் கடிக்கிறது. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை, கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். வழியில் குறுக்கே நிற்கும் வயர், ரப்பர் குழாய், பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு, சீட் நுரை எல்லாம் அதற்கு ஒன்றுதான். பஞ்சையும் நுரையையும் கூட்டுக்கு எடுத்துக்கொள்ளும். மீன் வேன்களில் தெர்மாகோல் துண்டும் நைலான் வலை நூலும் சேர்த்துக் கட்டிய கூடுகள் கிடைக்கும். குட்டி ஈன மூன்று வாரம் போதும், ஒரு ஈற்றில் ஐந்து முதல் எட்டு. உங்கள் ஆறு மாதத்தில் அது எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கார்களின் வயர் உறையில் சோயா கலந்திருப்பதால்தான் எலி தின்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் இதற்காகக் கம்பெனிகள் மேல் வழக்கே போட்டார்கள். என் கணிப்பு, இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோயா பேச்சே இல்லாத காலத்து அம்பாசிடரிலும், டிராக்டரிலும், வீட்டு மின் வயரிலும் எலி இதே வேலையைத்தான் செய்தது. இன்றைய கார் அதிகம் அடி வாங்குவதற்கு எளிய காரணம் இருக்கிறது. அதில் வயர் பல மடங்கு அதிகம், ஒவ்வொரு வயரும் மெல்லிசு. அந்தக் காலத்தில் எலி ஒரு வயரை அறுத்தால் ஒரு லைட் எரியாது. இப்போது ஒரு சென்சார் வயர் அறுந்தால் வண்டியே கிளம்பாது.

வாசனைச் சமாச்சாரத்துக்கு வருவோம். புகையிலைத் தூள், பாச்சை உருண்டை, ஃபினாயில், புதினா எண்ணெய், வேப்பெண்ணெய், மிளகாய்த் தூள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவை எதுவும் சுத்தப் பொய் இல்லை. புதிதாக வைத்த முதல் சில நாள் எலி தயங்கும், ஏனென்றால் பழகிய இடத்தில் புதிதாக எது வந்தாலும் பெரிய எலி சந்தேகப்படும். அப்புறம் பழகிவிடும், அதற்குள் நம்மூர் வெயிலில் வாசனையும் போய்விடும். பங்குனி, சித்திரையில் மூடிய காருக்குள் இருக்கும் சூட்டில் பாச்சை உருண்டை கரைந்து காற்றாகிவிடும். அதைக் காரின் உள்பக்கம் வைக்கவே வேண்டாம். அந்த ஆவி மனிதருக்கும் கெடுதல். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே சிதைக்கும். மண்ணெண்ணெய் தெளிக்கச் சொல்வோரும் உண்டு. ரப்பர் உப்பும், தீப்பிடிக்கவும் இடம் உண்டு, செய்யாதீர்கள். மிளகாய்க் காரம் தடவிய டேப் ஒன்று வெளிநாட்டில் ஹோண்டா கம்பெனியே விற்கிறது. காரம் எலி உட்படப் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு உறைக்கும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. கடித்த இடத்தில் திரும்பக் கடிக்காமல் இருக்கச் சுற்றலாம். ஆனால் அது அந்த ஒரு முழ வயரைத்தான் காக்கும், பக்கத்து வயருக்கு அது பொறுப்பில்லை.

அல்ட்ராசானிக் கருவிக்குப் பணம் போடாதீர்கள். அந்தச் சத்தம் எலிக்குக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் அது என்ஜினையோ பேட்டரிப் பெட்டியையோ துளைத்துக்கொண்டு போகாது, பின்னால் நிழல் விழுவது மாதிரி மறைந்த இடம் உண்டாகும், எலி அங்கே போய் உட்காரும். சில நாளில் பழகியும் விடும். அமெரிக்க வணிக ஆணையம் 2001ஆம் ஆண்டிலேயே இப்படிக் கருவி செய்து விற்கும் 60க்கும் மேற்பட்டோருக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இதையெல்லாம் விடுங்கள், கார் பேட்டரியில் ஓடுகிற கருவியை ஆறு மாதம் மாட்டிவிட்டுப் போனால் எலி கடிக்காவிட்டாலும் பேட்டரி காலியாகிவிடும்.

இப்போது இடம். காரை ஓலைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுங்கள். மேலே கூரை எலிக்கு வீடு, கீழே கார் அதற்குக் கிளை வீடு. வீட்டில் காங்கிரீட் மேல்தளம் போட்ட போர்டிகோ இருந்தால் அங்கே, இல்லையென்றால் சிமென்ட் முற்றத்தின் நடுவில் நிறுத்துங்கள். வெயிலில் பெயின்ட் மங்கும், உப்புக்காற்று படும் என்று தயங்குவீர்கள். பெயின்ட்டுக்கு மெழுகு பூசிவிட்டுப் போகலாம், வயரிங்குக்கு அப்படி எதுவும் பூச முடியாது. சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி நிறுத்துங்கள். எலி சுவர் ஓரமாகவே ஓடிப் பழகியது, திறந்த வெளியைக் கடக்கத் தயங்கும். காரைச் சுற்றி விறகு, தேங்காய் மட்டை, பழைய வலை, அட்டைப் பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. மதிலுக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் மதிலை ஒட்டியாவது வெட்டிவிடச் சொல்லுங்கள். கோழித் தீவனம், அரிசி மூட்டை, கருவாட்டுச் சாக்கு அதே இடத்தில் இருந்தால் நான் கீழே சொல்லும் எதுவும் பயன்படாது.

இதற்கு மேல் ஒரு வேலை செய்யலாம், ஆறு மாதம் ஆளில்லாத வண்டிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தென்னையில் எலி ஏறாமல் இருக்க மரத்தைச் சுற்றி வழவழப்பான தகரம் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நகம் பிடிக்காது, எலி வழுக்கிவிடும். அதே யோசனைதான். காரைச் சுற்றி மூன்றடி உயரத்தில் வழவழப்பான ஜி.ஐ. தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, வேலி மாதிரி நிறுத்துங்கள். நெளிவுத் தகரம் வேண்டாம், வெற்றுத் தகடு. வீட்டெலி இரண்டடிக்கு மேல் எம்பும் என்பதால் மூன்றடியில் கஞ்சத்தனம் வேண்டாம். தகட்டைத் தாங்கும் சட்டம் உள்பக்கம் இருக்க வேண்டும், வெளிப்பக்கம் இருந்தால் அதுவே ஏணி. அடிப்பகுதி தரையோடு இடுக்கில்லாமல் ஒட்ட வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரி வைத்துக்கொண்டால் கார் வெளியே வந்துவிடும். பக்கத்தில் சாய்த்து வைத்த ஏணி, துணிக்கொடி, தொங்கும் மரக்கிளை எதுவும் இருக்கக் கூடாது. நம் காற்றில் ஜி.ஐ. தகடும் சில வருஷத்தில் துருப்பிடித்துச் சொரசொரப்பாகும், சொரசொரப்பானால் எலிக்கு நகம் பிடிக்கும். அதனால் ஆரம்பத்திலேயே பெயின்ட் அடித்துவிடுங்கள். கொட்டகையை விட முடியாது என்றால் இந்த வேலியில் காசு போடாதீர்கள். கூரையிலிருந்து இறங்குகிற எலிக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை.

கார் கவர் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தரைவரை தொங்கும் கவர் எலிக்குக் கூடாரம். கடலோரத்தில் அது ஈரத்தையும் உப்பையும் உள்ளே பிடித்து வைக்கும் வேலையையும் செய்யும். போட்டே ஆக வேண்டுமென்றால் கதவின் பாதி உயரத்தோடு நிற்கிற மாதிரி மடித்துக் கட்டுங்கள், அடியில் வெளிச்சமும் காற்றும் போகட்டும்.

புறப்படுவதற்கு முன் காரில் செய்ய வேண்டியவை. உள்ளே ஒரு பிஸ்கட் துகள், பேரீச்சம்பழக் கொட்டை, டிஷ்யூ பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. குழந்தை சீட்டைத் தூக்கிப் பார்த்துப் பெருக்குங்கள். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்துவிட்டு வண்டியை அணையுங்கள். பெரும்பாலான கார்களில் வெளிக்காற்று வரும் மடல் அதோடு மூடிக்கொள்ளும், கேபின் ஃபில்டர் வழியாக வரும் பாதை ஒன்று குறையும். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று இழுக்கும் இடத்திலும், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் குழாய் வாயிலும் கால் அங்குலத்துக்கும் சிறிய கண்ணுள்ள துருப்பிடிக்காத ஸ்டீல் வலை வைத்துக் கட்டலாம். சாதாரணக் கம்பி வலை நம் ஊரில் ஒரு மழைக்காலத்தில் பொடிப்பொடியாகிவிடும். பிளாஸ்டிக் வலையை எலி கடித்துக் குதறிவிடும். சைலன்சர் வாயை அடைப்பதாக இருந்தால், ‘அடைத்திருக்கிறது’ என்று எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டுப் போங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். எலிக்கு இதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் உறை போன இரண்டு வயர் ஒன்றோடொன்று உரசினாலும் தீப்பொறி வராது. எலி கடியில் உண்மையான ஆபத்து வண்டி கிளம்பாமல் போவது அல்ல, பெட்ரோல் குழாயும் கடிபட்டு வயரும் கடிபட்டிருப்பதுதான். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் பின்கதவு திறக்காது, அதனால் எதையும் டிக்கியில் பூட்டிவிடாமல், சாவி போடும் துவாரம் எந்தக் கதவில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய டெர்மினலுக்கு வாஸ்லின் தடவுங்கள், உப்புப் பூக்காது. பேட்டரியைக் கழற்றிய பின் அலாரமும் இருக்காது, அது உங்கள் தெருவைப் பொறுத்தது.

முன்பு கூடு கட்டியிருந்த கார் என்பதால் உங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எலி போகிற வழியெல்லாம் மூத்திரம் விட்டுப் போகும், அந்த வாடை அடுத்த எலிக்கு விலாசம். கூட்டை எடுத்துவிட்டு வயரை மட்டும் சரி செய்தால் அடுத்த எலி அதே மூலைக்கு வரும். கழுவும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். காய்ந்த புழுக்கையைப் பெருக்கவோ வாக்குவம் போடவோ கூடாது, முதலில் நனைத்து, பிறகு துடைத்து எடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் எனும் லெப்டோஸ்பைரோசிஸ் எலி மூத்திரம் வழியாகப் பரவும், கையில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும். தரைக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்த கலவை சரி. வயரிலும் கனெக்டரிலும் அது படக் கூடாது, செம்பை அரிக்கும், அங்கே சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி. இன்னொன்று, போர்த் தண்ணீரை என்ஜின் பக்கம் கொண்டுவராதீர்கள். கீழக்கரையில் போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடம் காவிரித் தண்ணீர் போதும்.

பொறியும் விஷமும். ஊரில் இருக்கும் அந்த ஒரு மாத விடுமுறையிலேயே பொறி வைத்து முடித்துவிடுங்கள், போன பிறகு வைக்க வேண்டாம், எடுத்துப் போட ஆளில்லாத பொறி நாறத்தான் செய்யும். அடிப்பொறியைச் சுவர் ஓரமாக, இரை வைக்கும் முனை சுவரைப் பார்க்க, குறுக்காக வையுங்கள். கருவாடு அல்லது தணலில் லேசாகச் சுட்ட தேங்காய்ச் சில்லு வைக்கலாம். முதல் மூன்று நான்கு இரவு பொறியை ஏற்றாமல் வெறுமனே இரை மட்டும் வையுங்கள். எலி தைரியமாகத் தின்னப் பழகியதும் ஏற்றினால் ஒரே இரவில் பலன் தெரியும். ஒரு பொறி வைத்துப் பத்து நாள் காத்திருப்பதைவிட ஐந்தாறு பொறியைச் சேர்த்து வைப்பது நல்லது. விஷத்தைக் காருக்குள் வைக்கவே வேண்டாம். புரோமடையலோன் கட்டி தின்ற எலி சாகச் சில நாள் ஆகும், அதற்குள் அது எங்கே போய்ப் படுக்கும் என்பது நம் கையில் இல்லை. ஏசி புளோயர் பெட்டிக்குள் செத்தால் டேஷ்போர்டை இறக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். செத்த எலியைத் தின்ற பூனைக்கும் கூகைக்கும் அந்த விஷம் போகும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அது மனிதக் கல்லீரலைச் சிதைக்கும், அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. வயதானவர்களும் வந்து போகிற பிள்ளைகளும் உள்ள வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

வாப்பாவால் செய்ய முடிகிற ஒரே காவல் வேலை இது. காரின் நான்கு டயரைச் சுற்றியும் தரையில் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவி வைக்கட்டும். மாவு வேண்டாம், அது விருந்துக்கு அழைப்பதாகிவிடும். வாரம் ஒரு தடவை பார்த்து, சின்னக் கால் தடமோ வால் இழுத்த கோடோ தெரிந்தால் போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். தடம் தெரிந்தால் உறவில் யாரையாவது அனுப்பி பானட்டைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். வாரம் ஒரு தடவை என்ஜினை ஓட விடலாமே என்பார்கள். நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓட விடுவதைவிட, யாராவது ஏர்வாடி வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவது வண்டிக்கு நல்லது, எலிக்கும் தொந்தரவு. ஆனால் அதுவும் உத்தரவாதம் இல்லை. தினமும் ஓடுகிற டாக்சியிலேயே ஒரே ராத்திரியில் ஏறிக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. நான் சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் வாய்ப்பு நன்றாகக் குறையும், பூஜ்யமாகாது.

திரும்பி வந்ததும் நேராகச் சாவியைத் திருகாதீர்கள். பேட்டரி கழன்றபடியே இருக்கட்டும், முதலில் பானட்டைத் திறங்கள். திறக்கும்போது ஒரு குச்சியால் தட்டி, சற்று விலகி நின்று திறங்கள். எலி இருக்கும் இடத்துக்குச் சாரையும் நல்லபாம்பும் வரும். பாம்பு தென்பட்டால் கையை வைக்காமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்களே வந்து பிடிப்பார்கள். பெட்ரோல் வாடை வருகிறதா, சைலன்சர் தொடங்கும் சூடான பகுதியின் மேல் பஞ்சோ நாரோ கிடக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் பெடலை நாலைந்து தடவை அழுத்தி, டயர்களின் உள்பக்கம் பிரேக் ஆயில் கசிந்த ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், பல் பட்ட பெல்ட் என்றால் தைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் பேட்டரியை மாட்டுங்கள். ஃபியூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும், பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டிப் பார்க்கிற வேலையே வேண்டாம், அடுத்து எரிவது ஈசிஎம், அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்.

மெக்கானிக் சொன்ன மொத்த வயரிங் மாற்றம் பற்றி. காரை நேரில் பார்க்காமல் அவர் சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எலி கடித்த கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மொத்த ஹார்னஸும், அதாவது வயர்க் கற்றை முழுதும், மாற்றத் தேவைப்படுவதில்லை. இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார், ஆல்டர்னேட்டர் பக்கம் ஒரு கற்றையில் ஐந்தாறு வயர் போயிருக்கும். அவற்றைத் துண்டு வைத்து இணைக்கலாம். எப்படி இணைக்கிறார்கள் என்பதில்தான் நம் கடலோரத்தில் எல்லாம் இருக்கிறது. முறுக்கிக் கருப்பு டேப் சுற்றினால் சித்திரை வெயிலில் பசை இளகி டேப் நழுவும், உப்புக் காற்று உள்ளே போகும், செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்துப் பொடியாகும். அதே அளவுத் தடிமனுள்ள வயர், சோல்டரிங், அதன்மேல் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்க வேண்டும். ஒரே இடத்தில் எல்லா இணைப்பும் வராமல் மேலும் கீழுமாகத் தள்ளிப் போட வேண்டும். மஞ்சள் உறையில் வரும் ஏர்பேக் வயரை மட்டும் யாரும் ஒட்டுப்போட விடாதீர்கள், மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவும் கூடாது, அதைக் கம்பெனி சர்வீஸில்தான் மாற்ற வேண்டும். ஹைபிரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயருக்கும் அதேதான்.

உங்களுக்கு இரண்டு தடவையும் வயர் போனது என்கிறீர்கள். இரண்டாவது தடவை கடித்தது எல்லாமே புதுக் கடிதானா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எலி உறையை மட்டும் சுரண்டிவிட்டு விட்ட வயர் அன்றைக்கு வேலை செய்யும். ஸ்கேனரிலும் குறை காட்டாது. உப்புக்காற்று அந்தச் சின்னக் கீறல் வழியாக உள்ளே போய், மழைக்காலம் முடிவதற்குள் கம்பியைத் தின்றுவிடும். அப்புறம் ‘மறுபடியும் எலி’ என்று நினைப்போம். அதனால் இந்தத் தடவை வேலை செய்பவரிடம் அறுந்த வயரை மட்டும் ஒட்டச் சொல்லாதீர்கள். கடிபட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஓரடி தூரத்துக்கு வயரை மூடியிருக்கும் நெளிகுழாயைப் பிரித்து, ஒவ்வொரு வயரையும் விரலால் உருட்டி, நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பல் தடம் தெரிகிற எதுவாக இருந்தாலும் அறுந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டிப் பார்த்தால் கம்பி பளபளவென்று சிவப்பாக இல்லாமல் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், நல்ல செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்குக் கூலி கூட ஆகும், ஆனாலும் புது ஹார்னஸைவிட மிகக் குறைவு. மாறாக, பல் தடம் டேஷ்போர்டுக்குள், தரைக் கார்ப்பெட்டுக்கு அடியில், பின்சீட்டுப் பக்கம் என்று பல கற்றையில் பரவியிருந்தால் மெக்கானிக் சொல்வதுதான் சரி.

இன்ஷூரன்ஸ் பற்றி: தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் எலிக்கடிக்கு ஒரு ரூபாயும் வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி என்றால், பாலிசியின் வாசகத்தைப் பொறுத்துக் கிடைக்க வாய்ப்பு உண்டு. கடியால் வந்த சேதத்தைக் கொடுத்துவிட்டு, கடித்த பின்னும் ஓட்டியதால் வந்த சேதத்தைக் கழிப்பார்கள். அதனால் கூட்டைக்கூட எடுக்காமல் முதலில் போட்டோ எடுங்கள், கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், சர்வேயர் பார்த்த பிறகு வயரில் கை வைக்கச் சொல்லுங்கள். போன தடவை மாற்றிய வயர்களின் பில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அதே இடத்தில் பழைய ஒட்டு இருக்கிறதே என்று அவர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.